பட்டாளத்து லெப்பையும் என் இரண்டு கால்களும்

நான் ஒரு மடையன். யாராவது கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே முந்திக்கொள்கிறேன். மற்ற மடையர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். மடத்தனத்தை ஆளில்லாத இடத்தில் செய்துவிட்டு நழுவிவிடுவார்கள். நான் என்னுடையதை என் சொந்தக் கல்யாணத்தன்று, கோட்டும் துருக்கித் தொப்பியுமாக, அத்தர் கமகமக்க, இரண்டு ஊர்ச் சனங்கள் பார்த்திருக்கச் செய்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என் உள்ளங்காலில் இருக்கிறது. முகத்தில் இருக்க வேண்டிய வெட்கம் காலுக்கு எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மருதமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் இடுப்பில் கட்ட நெய்யும் சாரன்களைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பது என் தொழில். நல்ல சாரன் யாரிடமும் இருக்கும். வாங்க வந்தவரைச் சிரிக்க வைத்து, வேண்டாம் என்றவரையும் வாங்க வைக்கிற வாய் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொறிக்கல்முனையில் ஒரு பெரியவர் ஒருநாள் சொன்னார்: “தம்பி, ஒண்டு சாரன வச்சித்துப் போ, இல்லாட்டி உன்ட கதைய வச்சித்துப் போ. ரெண்டையும் ஒண்டாத் தாங்க என்னால ஏலா.” அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மடையன் என்று சொன்னேன் அல்லவா?

எனக்குப் பெண் தந்த மாமா பட்டாளத்தில் இருந்தவர். உலக யுத்தக் காலத்தில் கப்பலேறி எகிப்துக்குப் போய், பாலைவன மணலில் லொறிகளை ஓட்டி, பிறகு லொறிகளுக்கும் ஆட்களுக்கும் பொறுப்பாக இருந்து, சிப்பாயாகப் போனவர் லெப்டினனாகத் திரும்பி வந்தார். யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஓய்வு வாங்கிக்கொண்டு கல்முனையில் வீட்டோடு இருந்தார்.

லெப்டினன் என்ற பதவி எங்கள் கிழக்குக் கரையில் அதுவரை யாரும் கேள்விப்படாதது. ஆனால் லெப்பை என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலில் ஓதுபவர், காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பவர் லெப்பை. தூர தேசத்திலிருந்து, அதுவும் அரபி பேசுகிற நாட்டிலிருந்து ஒரு லெப்பை வந்திருக்கிறார் என்று பெண்கள் மத்தியில் பேச்சுப் பரவியது. போத்தலில் தண்ணீரோடு வந்து நிற்பார்கள்.

“லெப்ப, புள்ளைக்குக் காய்ச்சல். தண்ணி ஓதித் தாங்க.”

“நான் லெப்ப இல்ல புள்ள. லெப்டினன்.”

“ஓம், அதான் உங்கள்ட்ட வந்த. மத்த லெப்பமாருக்கு இவ்வளவு நீளமாப் பேர் இல்ல.”

முதலில் மறுத்துப் பார்த்தார். பிறகு போத்தலை வாங்கி அல்ஹம்து சூறாவை ஓதி ஊதிக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் இமையை இழுத்துப் பார்த்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, குயினைன் குளிசையையும் கொடுத்தார். காய்ச்சல் கடுமையாக இருந்தால் தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அப்படியே ‘பட்டாளத்து லெப்பை’ என்ற பேர் நிலைத்துவிட்டது.

அவருக்கு அரபியும் வரும். கெய்ரோச் சந்தையில் பிடித்த அரபி. வெளியூரிலிருந்து வந்த ஒரு மௌலவியிடம் பள்ளிவாசல் முற்றத்தில் பெருமையாக எடுத்துவிட்டார். மௌலவி திகைத்துப்போய், “நீங்க என்னட்ட அழுகின தக்காளியத் திருப்பி எடுக்கச் செல்றீங்க” என்றார். மாமாவே இதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். யுத்தத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இந்த மாதிரிதான். சுட்டது, சுடப்பட்டது எதுவும் வாயில் வராது. தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்வார். அங்கே ஒரு கோப்பைத் தண்ணீரில் முகம் கழுவி, அதிலேயே தாடி வழித்து, அதிலேயே துணி நனைத்து, மிச்சத்தை லொறியின் ரேடியேட்டருக்கு ஊற்றுவார்களாம். அதனால் கல்முனையில், கை நீட்டினால் எட்டுகிற கிணற்றடியில்கூட, யாராவது ஒரு வாளி கூடுதலாக இறைத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். மாமியும் அவரும் சண்டை பிடித்ததெல்லாம் தண்ணீருக்காகத்தான்.

அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளை கிடையாது. சவளக்கடை வயலிலிருந்து திரும்பியதும் வாசற்படியில் குந்தி, கடைசி மகளை முன்னால் இருத்திப் பேன் பார்ப்பார். மாமி உள்ளேயிருந்து திட்டுவா: “ஆம்புளையள் செய்யிற வேலயா இது? ஊரு சிரிக்கப்போகுது.”

“சிரிக்கிற ஆக்களுக்குப் பேன் இல்லயாக்கும்” என்பார், சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூத்த மகளைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும் நேரே உள்ளே போய்விட முடியாது. பெண்ணின் தம்பி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரத்தைப் போட வேண்டும். அதன் பிறகுதான் பெண்கள் குரவை போடுவார்கள், மாப்பிள்ளை படியேறுவார். கழுவுகிறவன் எப்போதும் வயதில் இளையவன், மச்சான் முறைக்காரன். தம்பி இல்லாத வீட்டில் பெரியம்மா, சாச்சி வழியில் ஒரு தம்பி வந்து கழுவுவான். எங்களுக்கும் அப்படி ஒருவனை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கீர் பாவாமார் றபான் கொட்டு அடிக்க, கூட்டாளிமார் புடைசூழ நான் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். ஏற்பாடு செய்த மச்சானைக் காணவில்லை. பந்தலுக்குப் பின்னால் பொல்லடிக் கோலாட்டம் பார்த்துக்கொண்டு நின்றானாம். உள்ளே ஒருவரையொருவர் கூப்பிட்டுத் தேடுகிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிறேன். கூட்டாளிமார் என் முகத்தையே பார்க்கிறார்கள், ஏதாவது சொல்ல மாட்டானா என்று. சந்தையில் சாரனை விரித்ததும் சனம் பார்க்குமே, அதே பார்வை. எனக்கு அது போதும்.

“மச்சான் இல்லாட்டிப் போகட்டும், மாமா இரிக்காருதானே!” என்றேன், கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. “பட்டாளத்துல எத்தின வெள்ளக்காரன்ட சப்பாத்தத் துடைச்ச கை! கால் கழுவாம இந்த மாப்பிள்ள படி ஏற மாட்டான்!”

கூட்டாளிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெண் வீட்டுப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

மாமா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். வெளியே வந்தார். மாமியின் கையிலிருந்த செம்பை வாங்கினார். அவருக்கு ஒரு முழங்கால் சரியாக மடங்காது. எகிப்தில் லொறி புரண்டபோது வந்தது. அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு கையை நிலத்தில் ஊன்றி, என் முன்னால் குந்தினார்.

நான் காலை இழுத்தேன். அவர் குதிகாலைப் பிடித்துக்கொண்டார். லொறிச் சில்லுக் கழற்றிய கை.

“மாமா, பகிடி மாமா. பகிடிக்குச் செல்லின நான்.”

“அசையாதீங்க மகன். தண்ணி சிந்தும்.”

இரண்டு காலையும் கழுவினார். விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால், எதையும் விடவில்லை. தோளில் கிடந்த சால்வையால் துடைத்தும் விட்டார். றபான் நின்றுபோயிருந்தது. இனி நான் மோதிரம் போட வேண்டும். என்ன செய்வது என்று தெரியாமல், வழக்கத்தை முடித்துவிட்டால் இந்த அவமானமும் முடிந்துவிடும் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துச் சுண்டுவிரலில் மோதிரத்தை வைத்து அழுத்தினேன். இளந்தாரி ஒருவனின் விரலுக்கு அளவெடுத்துச் செய்த மோதிரம். முதல் கணுவிலேயே இறுகி நின்றுவிட்டது. உள்ளே தள்ளவும் முடியவில்லை, வெளியே இழுக்கவும் முடியவில்லை. மாப்பிள்ளையும் மாமனாரும் வாசலில் ஒரு விரலை வைத்து இழுபறிப்படுகிறோம். கடைசியில் அவரே முறுக்கிக் கழற்றி, மூச்சிரைக்க ஓடிவந்த அந்த மச்சானிடம் நீட்டிவிட்டு எழும்பினார். எழும்பும்போது யாரும் கைகொடுக்கவில்லை. நானும்தான்.

“இப்ப வாங்க” என்றார்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவார். பெண்ணைப் பெற்றவர்கள் தங்கள் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக் கொல்லையில் ஒதுங்குவார்கள். மாமாவும் அப்படித்தான் ஒதுங்கினார். களிமண் சுவரும் தென்னங்கிடுகுக் கூரையுமாகத் தானே ஒரு வீடு எழுப்பி, மாமியையும் மற்ற இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனார். பட்டாளம் கூடாரம் மாற்றுகிற ஒழுங்கில், அடுப்பு முதலில், பாய் தலையணை பிறகு. நான் அவருடைய கல்வீட்டில், அவருடைய கட்டில் கால்கள் தரையில் பதித்த தடத்தின்மேல் என் கட்டிலைப் போட்டுப் படுத்தேன்.

அவர் ஒருநாள்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். காலையில் என்னைக் கண்டால் ஸலாம் சொல்வார், வியாபாரம் எப்படி என்பார், சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறதா என்று சில்லை அமுக்கிப் பார்ப்பார். அவர் முன்னால் இருக்கும்போது நான் சாரனை இழுத்துக் காலை மூடிக்கொள்வேன். கிணற்றடியில் அவர் நின்றால் ஊத்தைக் காலோடு சுற்றிப் போய்விட்டு, அவர் பள்ளிவாசலுக்குப் போன பிறகு வந்து கழுவுவேன். உலகத்தில் கால் கழுவ ஒளித்துத் திரிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மன்னிப்புக் கேட்கப் பார்க்கவில்லை என்று சொல்லாதீர்கள். சவளக்கடையில் நெல் சூடடிக்கிற காலத்தில் வயல் வாடிக் குடிசையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இதுதான் நேரம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “மாமா, அண்டைக்கு வாசல்ல…” என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் பறந்துபோய், வாய் தன் வழக்கப்படி தானாகத் திறந்து, “அந்த மோதிரம் உங்களுக்குப் புடிக்கல்ல போல” என்று சொல்லிவிட்டது. அவர் மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெற்போரடிக்குப் போய்விட்டார்.

சில வருடங்கள் போயின. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மாமா அவர்களுக்கும் பேன் பார்த்தார். பிறகு மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி வந்தது. சாய்ந்தமருதுவில் கரைவலைக்காரக் குடும்பம். பையன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், நல்ல குணம். பேச வந்தவர்களுக்கு நான்தான் வெற்றிலைத் தட்டம் நீட்டினேன். வீடு, வயல் எல்லாம் பேசி முடிந்து, ஃபாத்திஹா ஓதக் கையை உயர்த்தப்போகிற நேரம். மாப்பிள்ளையின் தாய்மாமன், கனத்த ஆள், “ஒரு சின்ன விசயம்” என்றார்.

“செல்லுங்க” என்றார் மாமா.

“மூத்த மருமகனுக்கு நீங்கதான் கையால கால் கழுவி எடுத்தீங்களாம். ஊரெல்லாம் கதைக்கிற கததான். எங்கட மாப்பிள்ளைக்கும் அப்பிடிச் செய்யோணும். இல்லாட்டி எங்கட ஆக்கள் குறையா நினைப்பாங்க, எங்கட புள்ள என்ன கொறஞ்சவனா எண்டு.”

“அது பகிடி” என்றேன். “அண்டைக்கு நான் சும்மா பகிடிக்குச் செல்லினது.”

அவர் என்னை முழுவதாகப் பார்த்தார். “நீங்க பகிடிக்குச் செல்லினீங்க, சரி. அவரு பகிடிக்கா கழுவினாரு?”

நான் தட்டத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

“தம்பி முறையில ஒரு புள்ள இரிக்கான், அவன் கழுவுவான்” என்று மாமி கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தா. அந்த மனிதர் வெற்றிலையைத் தொடாமல் இருந்தார். தட்டத்திலிருந்து எடுக்காவிட்டால் பேச்சு முறிந்தது என்று பொருள். மாமா கொஞ்சநேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, கழுவுறன். வெத்தில போடுங்க” என்றார்.

அன்று பொழுதுபடப் பின்வளவில் மாமாவுக்கும் மனைவியின் தங்கைக்கும் வாக்குவாதம். எனக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாகப் பேசினார்கள்; கிடுகு வேலிக்கு அது தெரியாது.

“வாப்பா, நீங்க இன்னொருக்காக் குந்தினா எனக்கு இந்தக் கல்யாணம் வேணா. சம்மதம் கேட்டு வந்தா நான் வாயத் திறக்க மாட்டன்.”

“வாயத் திறக்காட்டி அதுவும் சம்மதந்தான் புள்ள. மார்க்கத்துல இரிக்கி.”

“அப்ப திறந்து மாட்டன் எண்டு செல்லுவன்!”

“செல்லு. அதுக்குப் பொறகு உனக்கும் தங்கச்சிக்கும் ஆரு வருவாங்க எண்டும் செல்லு.”

அதன் பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது.

என் மனைவி விளக்குச் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தங்கச்சிட கல்யாணம் நிண்டா நான் உங்களோட கதைக்க மாட்டன்.”

“நீ கதைக்காம இரிக்கிறதா? நடக்கிற காரியமா செல்லுகா” என்றேன். வாய்தான். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டாள். இருட்டில் நான் மட்டும், என் பகிடியோடு.

மறுநாள் சாரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதுவுக்குச் சைக்கிளை மிதித்தேன். மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சுவது என் திட்டம். கடற்கரையில் வலை காய்கிற இடத்தில் அகப்பட்டார். இந்தத் தடவை பகிடி விடுவதில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போயிருந்தேன். உள்ளதைச் சொன்னேன். அவருக்கு முழங்கால் ஏலாது, என்ட பிழைக்கு அவர் ஏன் இன்னொரு முறை குந்த வேண்டும், நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் மரியாதையான ஆள், என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். “எனக்கும் விருப்பமில்லதான் காக்கா. மாமாமாரு செல்லின பொறகு நான் என்ன செய்யிற? இப்ப நான் வேணாமெண்டா, பொண்ணு ஊட்டுக்குப் பயந்தவன் எண்டு செல்லுவாங்க.”

“அப்ப பின்வாசலால உள்ள போயிருங்களன். முன்வாசல்ல நான் உங்கட தொப்பியப் போட்டுக்கு நிக்கிறன்.”

அவர் சிரித்தார். சிரித்து முடிந்ததும் சொன்னார்: “உங்கள்ட்ட கதைக்கக்குள்ள எது உண்மை, எது பகிடி எண்டு விளங்குதில்ல காக்கா.”

பகிடி விடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு போனவனின் இலட்சணம் இது. அன்றைக்கு ஒரு சாரனும் விற்கவில்லை. விற்க வாய் வரவில்லை.

கல்யாண நாள் வந்தது. அதற்குள் என் மனதில் ஒரு முடிவு இருந்தது. தம்பியில்லாத வீட்டில் மூத்த மருமகனும் ஒரு பிள்ளைதானே. நான் கழுவிவிட்டால் என்ன? மாமா வந்து சேர்வதற்குள் குந்திவிட்டால், எழும்பு என்று யார் சொல்வார்கள்? அப்படிக் கழுவி முடித்தால் என் காலில் இத்தனை வருடம் ஒட்டிக்கிடக்கிறதும் போய்விடும் என்று ஒரு ஆசை. மாமியிடம் செம்பை நேரத்தோடே வாங்கி நிரப்பி, வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் சிந்திச் சிந்திச் சாரன் முன்பக்கம் நனைந்துவிட்டது. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அதையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

றபான் சத்தம் நெருங்கியது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். மாமா உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை, அந்தக் காலை இழுத்து இழுத்து. நான் பாய்ந்துபோய் மாப்பிள்ளையின் முன்னால் குந்தினேன்.

“என்ன இது?” என்றார் அந்தக் கனத்த தாய்மாமன். “பேசினது இப்பிடி இல்லயே.” பின்னால் அவருடைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தார். உள்ளே, ஜன்னல் துணிக்குப் பின்னால், மனைவியின் தங்கை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். செம்புக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருடம் வராமலிருந்த வார்த்தையை எப்படியோ வெளியே கொண்டுவந்தேன்.

“மாமா, அண்டைக்கு நான் செல்லினதுக்கு என்ன மன்னிச்சிருங்க. உங்கட கால்ல விழுந்து கேக்கிறன். இத நான் கழுவுறன்.”

அவர் குனிந்து, நான் பிடித்திருந்த செம்பை ஒவ்வொரு விரலாக விடுவித்து எடுத்தார். முழங்காலை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“நீங்க போய் வாயக் கழுவித்து வாங்க, மகன்.”